நீல ரிப்பன் கட்டிய ஒயர்

என் படங்களுக்குக் கீழே வந்த பின்னூட்டங்களில் பதினேழை நான் மனப்பாடமாகச் சொல்வேன். பதினேழையும் எழுதியது ஒரே ஆள். அந்த ஆளுக்குப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் புள்ளி ஒன்று இருந்தது. முகம் இருக்கவேண்டிய வட்டத்தில் சாம்பல் நிறம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பா தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறார். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அதற்கு மேல் எழுத்து என்று எது வந்தாலும் வீட்டில் அது என் வேலை. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பத்து வருடம் படித்தேன். பிறகு கல்லூரி, அதற்குப் பிறகு செம்பூரில் ஓர் அலுவலகம். எங்கும் இங்கிலீஷும் ஹிந்தியும்தான். பத்து வருடம் படித்த தமிழை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல்தான் வலைப்பூ ஆரம்பித்தேன். வாரம் ஒரு படம், அதற்குக் கீழே நாலு வரி. படத்துக்காக எழுதுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் எழுதுவதற்கு ஒரு சாக்கு வேண்டித்தான் படம் எடுத்தேன். மூலையில் விரிசல் விட்ட போன்தான் கேமரா.

வலைப்பூவுக்கு ஆட்கள் வருவது நின்றதும் எல்லோரையும்போல நானும் சமூக ஊடகத்துக்கு மாறினேன். அங்கேயும் ஞாயிறுதோறும் ஒரு படம், நாலு வரி. கல்லூரியில் கூடப் படித்தவன் ஒருவன் ஒவ்வொரு வாரமும் திட்டுவான்.

"ஹிந்தில போடு பாயி. நீ என்ன எழுதியிருக்கன்னு எவனுக்குத் தெரியுது?"

"நீ தமிழன்தானல?"

"பேசுவேன். படிப்பேன்னு உன்கிட்ட எப்பவாவது சொன்னேனா?"

படிக்காமலே லைக் போடுவான். நல்லவன்.

அந்த நேரத்தில்தான் புள்ளி வந்தது. முதல் பின்னூட்டம், எங்கள் சந்தில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்த படத்துக்கு. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருந்தது. "தண்ணில ஏணி தெரியுது. ஏணிய நேரா எடுத்திருந்தா இன்னும் நல்லா இருக்கும்." படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆமாம், தேங்கிய தண்ணீரில் எதிர்வீட்டு இரும்பு ஏணி தலைகீழாக விழுந்திருந்தது. எடுத்த நான் அதைக் கவனிக்கவில்லை. என் படத்தில் நான் பார்க்காத ஒன்றை இன்னொருவர் பார்த்திருக்கிறார் என்றதும் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இன்றைக்கும் யாருக்கும் விளக்கிச் சொல்ல முடியாது.

அடுத்த வாரம் ஏணியை நேராக எடுத்துப் போட்டேன். "கொஞ்சம் மேல பார்த்து எடுங்களேன்" என்று வந்தது. மேலே பார்த்து எடுத்தேன். "ஜன்னல் பாதியில வெட்டுப்படுது." அடுத்த வாரம் ஜன்னல் முழுசாக வந்தது. "அந்த வெளிச்சம் ரொம்ப நல்லா இருக்கு" என்றது புள்ளி. பகலிலும் டியூப்லைட் எரியும் ஜன்னல் அது. எங்கள் சந்தில் சூரியன் தரைவரை வருவதில்லை.

இப்படி ஓர் ஆள் எனக்குப் படம் எடுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருப்பதாக நினைத்தேன். பெரிய ரசிகர், கோடுகளும் வெளிச்சமும் தெரிந்தவர், எங்கோ வசதியாக உட்கார்ந்து என் படத்துக்காக ஞாயிற்றுக்கிழமை காத்திருக்கிறவர். புதன்கிழமையே அடுத்த படத்துக்குக் கைகள் பரபரக்கும். செம்பூர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, இந்தப் படத்துக்கு அவர் என்ன சொல்வார் என்று யோசிப்பேன். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாத ஒருவரின் ஒரு வரிக்கு ஏங்கியிருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உண்மை.

எங்கள் சந்தின் ஒயர்களைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். சந்து முனையில் மீட்டர் பெட்டிகள் வரிசையாக இருக்கின்றன. அங்கிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கறுப்பு ஒயர் தலைக்கு மேலே போகிறது. நாற்பது ஐம்பது ஒயர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடக்கும். கரண்ட் போனால் எது யாருடையது என்று ஒயர்மேனுக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் ஒயரில் ஓர் அடையாளம் கட்டிவைப்பார்கள். எங்கள் ஒயரில் பை உள்துணியின் சிவப்புக் கிழிசல். இட்லி விற்கிறவர் ஒயரில் பால் கவர். எதிர்வீட்டு மேல்தளத்தில் இருக்கும் அத்தையின் ஒயரில் நீல ரிப்பன், மாநகராட்சிப் பள்ளிக்கூடப் பெண்கள் சடையில் கட்டுவது. வீட்டைக் காலி செய்கிறவர்கள் போகும்போது தங்கள் அடையாளத்தை அவிழ்த்துவிட்டுப் போவார்கள். சந்தில் நிமிர்ந்து பார்த்தாலே போதும், யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று தெரிந்துவிடும்.

அத்தை எங்களுக்கு உறவில்லை. அப்படிக் கூப்பிட்டுப் பழகிவிட்டது. ஜீன்ஸ் பேன்ட்டுகளில் தொங்கும் நூலைக் கத்தரித்துக் கொடுப்பது அவள் வேலை. நாள் முழுக்க ஜன்னலோரம் டியூப்லைட்டின் கீழ் உட்கார்ந்திருப்பாள். ஒரே மகள். என் பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவள். தானே ஒருவரைப் பார்த்துக் கட்டிக்கொண்டு சீத்தா கேம்ப் பக்கம் போய்விட்டாள். "நான் செத்தாலும் என் வாசலை மிதிக்கக் கூடாது" என்று அத்தை ஏணியின் உச்சியில் நின்று கத்தியதைச் சந்தே கேட்டது. அது நடந்து ஆறு வருடம். அதற்குப் பிறகு அவள் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

இனி என் தவறு.

மாட்டுங்காவில் ஒரு புகைப்படக் குழு இருக்கிறது. ஞாயிறு காலையில் பூக்கடைப் பக்கம் கூடுவார்கள். கழுத்தில் பெரிய கேமராக்கள். என் போனைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். வயதான ஒருவர் என் சந்துப் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"ஃப்ரேம் பிரமாதமா இருக்குப்பா. ஆனா இந்த ஒயரெல்லாம்தான் கண்ணை உறுத்தறது. எடுத்துடேன்."

"ஒயரை எப்படி சார் எடுக்கறது? வீட்டுல கரண்ட் போயிருமே."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, "அங்கே இல்லேடா, இங்கே" என்று என் போனை வாங்கி, விரலால் ஒரு ஒயரைத் தேய்த்தார். அது மறைந்தது. பின்னால் வானம் வந்தது.

அன்று மத்தியானம் வீட்டில் உட்கார்ந்து எல்லா ஒயரையும் தேய்த்தேன். ஒவ்வொன்றாகப் போகப் போக, எங்கள் சந்துக்கு மேலே இவ்வளவு வானம் இருந்ததா என்று எனக்கே ஆச்சரியம். படத்தைப் போட்டேன். அதுவரை இருபது முப்பது லைக் பார்த்தவனுக்குச் சாயங்காலத்துக்குள் எண்ணூறு. குழுவில் பாராட்டு. பின்னூட்டங்கள் வந்து குவிந்தன. நன்றி சொல்ல நேரமில்லாமல், ஒவ்வொன்றுக்கும் ஒரு இதயத்தைத் தட்டிக்கொண்டே போனேன். படிக்காமல் தட்டினேன். புள்ளிக்கும் தட்டியிருக்கிறேன்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏல, இன்னைக்கு மத்தியானம் ஒருத்தி வந்தா."

"யாரும்மா?"

"யாருக்குத் தெரியும்? ஸ்கூட்டர் ஓட்டுத பிள்ளையள் மாதிரி மூஞ்சிய துப்பட்டாவால சுத்தியிருந்தா. கண்ணு மட்டுந்தான் தெரிஞ்சுது. மூச்சு வாங்க ஓடியாந்தா. வந்து நின்னவ அண்ணாந்து பாத்துக்கிட்டே நிக்கா. கொஞ்ச நேரம் இல்ல, நான் அரிசி களைஞ்சு உலையில போட்டுட்டு வாரேன், அப்பவும் நிக்கா. என்னம்மா வேணும்னேன். ஹிந்தில, தப்பான சந்துக்கு வந்துட்டேன்னு சொல்லிட்டுத் திரும்பிட்டா."

"வழி தெரியாம வந்திருப்பாம்மா."

அம்மா பூண்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "முனையில குறுக்க ஒரு இரும்புக் குழாய் போகுதுல்லா? புதுசா வாரவுக அம்புட்டுப் பேரும் அதுல மண்டைய முட்டுவாக. உன் ஆபீஸ்காரப் பையன்கூட முட்டுனான். அவ பாக்காமலே குனிஞ்சு வந்தா. போகையிலயும் குனிஞ்சு போனா."

சொல்லிவிட்டு மறுபடியும் பூண்டை எடுத்துக்கொண்டாள். எனக்கு ஏதோ உறைத்தது. போனை எடுத்துப் பின்னூட்டங்களைக் கீழே தள்ளித் தள்ளித் தேடினேன். பாராட்டுகளுக்கு நடுவே அது இருந்தது.

"நீல ரிப்பன் ஒயர் எங்க? அவங்க காலி பண்ணிட்டாங்களா? இல்ல வேற எதும் ஆயிடுச்சா? ப்ளீஸ் சொல்லுங்க."

பக்கத்தில் நான் போட்ட சிவப்பு இதயம்.

ஒரு ராத்திரியும் அரைப் பகலும் அவள் அந்த இதயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்திருப்பாள் என்று நினைத்துப் பார்த்தேன். உடனே எழுதினேன். "ஒயர் இருக்கு. அத்தை நல்லா இருக்காங்க. படத்துல நான்தான் அழிச்சேன். மன்னிச்சிருங்க அக்கா."

அக்கா என்று என்னை அறியாமல் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "பாத்துட்டேன். லைட் எரியுது. கத்திரி சத்தம் கேட்டுச்சு. போதும்." அதற்குக் கீழே இன்னொன்று: "இனிமே எதையும் அழிக்காதீங்க தம்பி."

அதுதான் பதினேழாவது. அதற்குப் பிறகு புள்ளி வரவில்லை.

பழைய பின்னூட்டங்களை எல்லாம் திரும்பப் படித்தேன். ஏணி, ஜன்னல், வெளிச்சம். "கொஞ்சம் மேல." என் கோடுகளை யாரும் ரசிக்கவில்லை. எனக்கு யாரும் படம் எடுக்கக் கற்றுக்கொடுக்கவும் இல்லை. ஒரு பெண் தன் வீட்டைப் பார்ப்பதற்கு என் படத்தை விலக்கி விலக்கி எட்டிப் பார்த்திருக்கிறாள். முதலில் கொஞ்சம் வலித்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் எண்ணூறு பேர் பார்த்த படத்தைவிட, அவள் ஒருத்தி பார்த்த அதற்கு முந்தைய படங்கள்தான் இன்றைக்கும் என் படங்கள் என்று தோன்றுகிறது. அப்படி ஒரு பார்வை வேறு யாரிடமிருந்தும் எனக்குக் கிடைத்ததில்லை.

அத்தையிடம் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் குழம்பினேன். ஒளிந்து பார்க்கிறவளைக் காட்டிக்கொடுக்க எனக்கு என்ன உரிமை? ஆனால் அம்மாவுக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. புதன்கிழமை காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, குழாயடியில் அத்தையின் குடத்துக்குப் பின்னால் தன் குடத்தை வைத்துவிட்டு, யாரிடமோ பேசுவதுபோல ஆரம்பித்தாள்.

"திங்கக்கிழம எவளோ ஒருத்தி வந்து நம்ம சந்துல நின்னா மதினி. உம்ம ஜன்னலையே பாத்துக்கிட்டு."

அத்தை குடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எவளாயிருந்தா எனக்கென்ன."

"நானும் அதத்தான் சொல்லுதேன். எவளோ."

குடம் நிறைந்து வழிந்தது. அத்தை நகர்த்தவில்லை.

"மெலிஞ்சிருந்தாளா?" என்றாள்.

"மூஞ்சி தெரியல. உடம்பு பரவால்ல. செருப்பு நல்ல செருப்பு."

அத்தை குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏணியேறிப் போய்விட்டாள். அவ்வளவுதான். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

படம் போட்ட விஷயத்தையும் ஒயரை அழித்ததையும் வியாழக்கிழமை நானே மேலே போய்ச் சொன்னேன். புள்ளியைப் பற்றிச் சொல்லவில்லை. "நம்ம சந்தைப் பார்க்கிறதுக்குன்னு ஒருத்தங்க இருந்தாங்க அத்தை, ஒயரைக் காணோம்னு பயந்துட்டாங்க" என்று மட்டும் சொன்னேன். கத்திரி நூல் நூலாக வெட்டிக்கொண்டே இருந்தது. "கூறுகெட்டவனே, கரண்ட் ஒயரப் போயா அழிப்பான்?" என்றாள். ஆனால் கத்திரி கொஞ்ச நேரம் நின்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை படம் எடுக்கப் போனை உயர்த்தியபோது பார்த்தேன். ஆறு வருட அழுக்கில் சாம்பலாகியிருந்த பழைய ரிப்பனைக் காணோம். அந்த இடத்தில் புது ரிப்பன். கடையில் வாங்கிய மடிப்புகூடக் கலையாத, பளிச்சென்ற நீலம். இரண்டு சுற்றுச் சுற்றி, சடையில் கட்டுவதுபோல, இரண்டு காது வைத்து முடிச்சுப் போட்டிருந்தது. ஏணி உச்சியில் நின்று எட்டிக் கட்டியிருக்க வேண்டும். அத்தைக்கு முட்டி வலி உண்டு.

எதையும் அழிக்காமல் போட்டேன். நாற்பது ஒயரும், பால் கவரும், எங்கள் சிவப்புக் கிழிசலும், நடுவில் அந்த நீலமும். இருபத்துமூன்று லைக். மாட்டுங்கா பெரியவர், "மறுபடியும் ஒயரா?" என்று அழுகிற பொம்மை போட்டிருந்தார். புள்ளி வரவில்லை. சாம்பல் வட்டத்தைத் தொட்டுப் பார்த்தேன்; கணக்கு இருக்கிறது, அழிக்கவில்லை. பார்க்கிறாளா இல்லையா என்பது எனக்குத் தெரிய வழியில்லை.

எல்லா ஞாயிறும் அந்தச் சந்தையே எடுக்கிறேன். கூடப் படித்தவன் கேட்கிறான், "வேற இடமே கிடைக்கலையா பாயி, பம்பாய் பூராவும் கிடக்கு." நேற்றும் எடுத்தேன். எடுத்துவிட்டுப் போனைப் பையில் போடும்போது ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"ஏல, இந்த வாரத்துக்குப் போட்டோ போட்டுட்டியா?"

"இப்பதான் எடுத்தேன் அத்தை. போடணும்."

"ரிப்பன் தெரியுதா?"

"தெரியுது."

"நல்லாத் தெரியுதுல்லா?"

போனை உயர்த்தி இன்னொரு முறை எடுத்தேன், இரண்டடி முன்னால் தள்ளி நின்று.