ஏழாவது துளை

தென்காசியிலிருந்து செங்கோட்டை போகிற சாலையில், லாரிகளை நிறுத்தி எடை போடும் எடை மேடை ஒன்றில்தான் எனக்கு முதல் வேலை. எண்பதுகளின் பின்பாதி அது. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்திருந்தேன். சேர்த்துக்கொண்டது என்னவோ டைப்பிஸ்டாகத்தான். "டைப் அடிக்கத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார் முதலாளி. எலெக்ட்ரானிக்ஸும் தெரியும் என்று நான் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

ஆறே மாதத்தில் போட்டுக்கொள்ளும்படி ஆயிற்று. பழைய தராசுத் தண்டைக் கழற்றிவிட்டு டிஜிட்டல் எடைப் பெட்டி வாங்கி வைத்தார். மேடையை ஒட்டிய சின்ன அறையில் பெட்டி, நாற்பதடி தள்ளி ஆபீஸில் பிரிண்டர், இரண்டுக்கும் நடுவே மண்ணுக்கடியில் ஒரு வயர். பெட்டியில் தெரிகிற எடை அந்த வயர் வழியாக வந்து சீட்டில் தானாக அச்சாகும். நெல்லும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு கேரளம் போகிற லாரிக்காரர்களுக்கு அந்தச் சீட்டு இல்லாமல் ஆகாது. கையால் எழுதிய சீட்டை அந்தப் பக்கத்து வியாபாரிகள் நம்புவதை நிறுத்தியிருந்தார்கள்.

எடை அந்த வயரில் எப்படிப் போகிறது என்று தென்காசியிலேயே தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். எண்கள் மொத்தமாகக் கிளம்பி வராது. ஒவ்வொன்றும் சின்னச் சின்னத் துடிப்புகளாகப் பிரிந்து, மலைப்பாதையில் லாரிகள் போவதுபோல் ஒன்றன்பின் ஒன்றாக வரும். வயரின் முனையில் இருபத்தைந்து ஊசிகள். பிரிண்டரின் முதுகில் அவற்றுக்கு இருபத்தைந்து துளைகள். எங்களுக்கு உண்மையில் வேலை செய்தவை மூன்றுதான்: இரண்டு, மூன்று, ஏழு. ஏழாவதுதான் இரண்டு பக்கத்துக்கும் பொதுவான தரை, அதாவது 'கிரவுண்ட்'; துடிப்புகளை அதை வைத்துத்தான் அளக்க வேண்டும். அது தொடவில்லையென்றால் வருகிற துடிப்பு எது ஒன்று, எது பூஜ்யம் என்று பிரிண்டருக்குப் பிடிபடாது.

வயரைப் போட்டவர் செங்கோட்டைக்காரர், ஐம்பதைத் தாண்டிய வயர்மேன். முதலாளியின் இரண்டு அரிசி மில்லிலும் அவர்தான் வயர்மேன். அந்த வேலைதான் அவருக்குச் சோறு.

ஆயுத பூஜை வந்தது. வயரைக் கழற்றி, பிரிண்டரைத் துடைத்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டோம். மறுநாள் திரும்ப மாட்டினோம். இடையில் நல்ல மழை. முதல் லாரி ஏறியது. பெட்டியில் எடை சரியாகத் தெரிந்தது. சீட்டில் வந்தது கேள்விக்குறியும் நட்சத்திரமும் அரைகுறை எண்ணும்தான்.

மெட்ராஸில் இருந்த கம்பெனிக்கு டிரங்க் கால் போட்டோம். நான் குற்றாலத்துப் பெண் என்று தெரிந்ததும், "அருவியில தண்ணி விழுதா?" என்று கேட்டார் அங்கிருந்த ஆள். இன்ஜினியர் வர இரண்டு வாரம் ஆகுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஊரில் அருவியைத் தவிர மனிதர்களும் இருக்கிறார்கள் என்று சொல்வதற்குள் லைன் கட்டாகிவிட்டது.

அந்தக் கோபத்தோடுதான் உட்கார்ந்தேன். பெட்டி எண்களை அனுப்புகிற வேகமும் பிரிண்டர் வாங்குகிற வேகமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. அப்படியென்றால் மிச்சம் வயர்தான். எல்லார் முன்னாலும் சொன்னேன்: "வயர்ல நடுவுல ஒட்டு இருக்கு. மழைத்தண்ணி இறங்கிட்டு."

வயர்மேனின் முகம் சுண்டிப்போயிற்று. "ஏம்மா, ஒரே நீள வயரு. என் கையால இழுத்தது. ஒட்டே கிடையாது."

"என்னவே, படிச்ச புள்ள சொல்லுது," என்றார் முதலாளி. "தோண்டி எடும். ஒட்டு இருந்துச்சுன்னா மில்லுப் பக்கமே வரக்கூடாது, ஆமா."

வயர்மேன் சாரலில் மண்வெட்டியோடு இறங்கினார். வயரை வெளியே இழுக்க வசதியாக, பிரிண்டர் பக்கத்து முனையைக் கழற்றினேன். பிரிண்டரின் துளைகளுக்குள் எதுவோ மஞ்சளாகத் தெரிந்தது. காய்ந்த சந்தனம். அதன் மேல் குங்குமம்.

மேல் வரிசையில் பதின்மூன்று துளைகள். நட்ட நடுவில் இருப்பது ஏழாவது. பொட்டை யாராவது ஓரத்தில் வைப்பார்களா? பூஜையன்று பிரிண்டரின் முன்பக்கம் மட்டும் மங்களமாக இருந்து முதுகு மொட்டையாக இருக்கிறதே என்று, பெருவிரலால் அழுத்தி வைத்த கை என்னுடையதுதான். டிப்ளமோ வாங்கிய கை.

கரண்டை அணைத்துவிட்டு, ஊக்கால் சுரண்டி, முதலுதவிப் பெட்டியில் இருந்த ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தேன். மாட்டினேன். மேடையில் நின்ற லாரியின் எடை சீட்டில் பளிச்சென்று வந்தது. சத்தம் கேட்டு முதலாளி ஓடிவந்தார்.

"பாத்தியா, தோண்ட ஆரம்பிச்சதும் சரியாயிட்டு. அப்ப இந்த ஆளு வயர்லதான் கோளாறு."

நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பழி வயரோடு மண்ணுக்குள் போயிருக்கும், என் பெயரும் கெடாமல் இருந்திருக்கும். வாசலில் வயர்மேன் முழங்கால் வரை சேற்றோடு நின்றார். எனக்கு வெட்கமாக இருந்தது.

"இல்ல முதலாளி. வயரு தங்கம். நாந்தான் துளையில பொட்டு வச்சு அடைச்சுட்டேன்."

"நீயா?"

"நாந்தான். கெடுத்ததும் நான், கண்டுபிடிச்சதும் நான். மெட்ராஸ்காரங்க வர வேண்டாம்னு சொல்லிருங்க."

தலையைக் குனிந்துகொண்டு சொல்லவில்லை. நிமிர்ந்துதான் சொன்னேன். அதற்குப் பிறகு எத்தனையோ எடை மேடைகளுக்கு வயர் இணைத்துக் கொடுத்திருக்கிறேன். எந்த இடத்திலும் அன்றைக்கு நின்ற அளவுக்கு நான் நிமிர்ந்து நின்றதில்லை. முதலாளி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "குழிய மூடிரும்வே," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வயர்மேன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். சீட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏம்மா, இந்த நம்பரு பூரா என் வயரு வழியாத்தான வருது?"

"ஆமா அண்ணாச்சி. ஒண்ணுகூடச் சிந்தாம வருது."

அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அது என் சீட்டு!" என்று லாரி டிரைவர் கத்தினார். அவருக்கு வேறொன்று அடித்துக் கொடுத்தேன்.