வால்வு வெளிச்சம்

சமாதானம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்ட காலத்தில், என் டிரான்சிஸ்டர் அம்பிளிபயரைச் சுருவில் ஊரில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவரிடம் கொடுத்துவிட்டு, கண்ணாடிக் குழாய் வால்வுகள் பூட்டிய அவருடைய பழைய அம்பிளிபயரை மாற்றி வாங்கினேன். அதில்தான் பாட்டு மனிதத் தொண்டையிலிருந்து வரும் என்பது என் பிடிவாதம். பாறாங்கல் பாரம். படகில் மடியில் வைத்து நெடுந்தீவுக்குக் கொண்டுவந்ததில் இரண்டு நாள் இடுப்பு நிமிரவில்லை.

எங்கள் பகுதிக்கு ஜெனரேற்றர் மின்சாரம் பொழுதுபட்டபின் மூன்று மணித்தியாலம்தான். வீட்டுக்கு இரண்டு பல்ப் என்பது கட்டுப்பாடு. நான் கசற்றைப் போட்டேன்; வால்வு சூடேறியதும் பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு வந்துவிட்டார்.

"தம்பி, நீர் பாட்டுப் போட்டால் எங்கட லைற் மங்குது. பிள்ளையள் படிக்க ஏலாது."

அன்றிலிருந்து எங்கள் இரண்டு பல்பையும் அணைத்துவிட்டுத்தான் பாட்டுக் கேட்டேன். இருட்டில் வால்வுகள் நான்கும் செம்மஞ்சளாக ஒளிரும். பகலெல்லாம் வெயிலில் மீன் காயவைத்துவிட்டு வரும் மனைவி, அவற்றுக்கு எதிரே சுவரில் சாய்ந்து காலை நீட்டி இருப்பாள். அவளுக்கும் பாட்டுப் பிடித்துவிட்டது என்று ஒரு கிழமை பெருமைப்பட்டேன்.

எட்டாம் நாள் சொன்னாள்: "இஞ்சாருங்கோ, பாட்டை நிப்பாட்டுங்கோ, தலை இடிக்குது. லைற்றையும் போடாதேங்கோ. இந்த வால்வு வெளிச்சமே எனக்குக் காணும்."

சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். எனக்கும் சில நாளாகப் பாட்டல்ல, அந்த வெளிச்சம்தான் வேண்டியிருந்தது. அவ்வளவு பாரத்தைத் தூக்கிவந்தவன் அதை எந்த வாயால் சொல்வது?