நான்காவது கதவின் பிடி

“ஜனவரி 19, ஞாயிறு. பின்பக்க வலது கதவின் பிடி உறையில் இல்லை. மூன்று முறை தேடியாயிற்று.” என் குறிப்பேட்டில் அன்று எழுதியது இவ்வளவுதான்.

அது என் அண்ணன் வாங்கிய பெட்டி. நிஜக் காரின் எட்டில் ஒரு பங்கு அளவில், பழைய ஆங்கிலேயச் சொகுசுக் கார் ஒன்றை நாமே பூட்டிச் செய்யும் தொகுப்பு. மதுக்கரை சிமென்ட் ஆலையிலிருந்து ஓய்வு பெற்றதும் செய்யலாம் என்று வைத்திருந்தார். அதற்குள் சர்க்கரை நோய் அவர் பார்வையைக் கொண்டுபோய்விட்டது. “நீ பூட்டுடா, நான் தடவிப் பார்த்துக்கறேன்” என்று என்னிடம் கொடுத்தார்.

ஏழு மாதம் ஆனது. சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கோத்தேன். ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரங்கள் திரும்பின. முதன்முறை அது நடந்தபோது நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். கடைசியாகப் பொருத்த வேண்டியவை நான்கு கதவுப் பிடிகள். மூன்றுதான் இருந்தன. கண்ணால் பார்ப்பவருக்கு அது தெரியாமலும் போகலாம். விரலால் பார்ப்பவரிடம் மறைக்க முடியாது. தயாரித்த நிறுவனத்துக்கு எழுதினேன்; பதில் இல்லை. அண்ணனோ தொலைபேசியில், “ஏன்டா, நெசக் காரே இந்நேரம் செஞ்சு வித்துப்போட்டிருப்பானுங்கடா” என்றார்.

ஆர்.எஸ்.புரத்தில் எனக்குப் பல் செட் செய்து கொடுத்த பெண்ணின் நினைவு அப்போதுதான் வந்தது. பல்லுக்கான உலோகச் சட்டங்களை அவரே வார்ப்பவர். மூன்று பிடிகளையும் பஞ்சில் சுற்றி எடுத்துப்போனேன்.

“ஏனுங்கண்ணா, செட்டு ஆடுதுங்களா?”

“செட்டு இல்லீங்க அம்மணி, காரு.”

பஞ்சைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “எத்தனையோ வாயிக்கு அளவெடுத்திருக்கறேன். ஆ காட்டுங்கன்னு சொல்ல வேண்டாத மொத ஆளு இவருதானுங்க.”

பின்பக்க இடது பிடியை நீட்டி, இதைப் போலவே இன்னொன்று வேண்டும் என்றேன். அவர் தலையாட்டவில்லை.

“அது ஆகாதுங்கண்ணா. எடப்பக்கத்துக் கடவாப்பல்ல அப்படியே வார்த்து வலப்பக்கம் வெச்சா உக்காருமுங்களா? திரும்பிக்கும்.”

மூன்றையும் மேசைமேல் வரிசையாக வைத்தார். பிறகு முன்பக்க இடது பிடியை எடுத்து, நான் கொண்டுபோயிருந்த, தொகுப்போடு வந்த படத்தில் பின்பக்க வலது கதவின்மேல் வைத்தார். சரியாகப் பொருந்தியது. அந்தக் காரில் முன்கதவின் பிடியும் பின்கதவின் பிடியும் நடுத்தூணுக்கு இருபுறமும் எதிரெதிராக இருப்பவை. அதனால் மூலைக்கு மூலை இருக்கும் பிடிகள் ஒரே வார்ப்பு. ஏழு மாதம் அந்தப் படத்தோடு வாழ்ந்த எனக்குத் தெரியாதது, ஒரு நிமிடம் பார்த்தவருக்குத் தெரிந்துவிட்டது.

வாயில் அளவெடுக்கும் இளஞ்சிவப்பு மாவிலேயே அதை அழுத்தி அச்சு எடுத்தார். அச்சில் மெழுகை ஊற்றினார்; அந்த மெழுகுப் பிடியை வைத்துத்தான் உலோகத்தில் வார்ப்பாராம். நான்கு நாள் கழித்துப் போனபோது என் உள்ளங்கையில் ஓர் உலோகத் துணுக்கை வைத்தார். இரண்டு அரிசி நீளம். வீட்டில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மூலப் பிடியின் விளிம்பில் இருந்த மெல்லிய கோடுகூட இதில் இருந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி கடைசியில் காரை மடியில் வைத்துக்கொண்டு மதுக்கரைக்கு ஆட்டோவில் போனேன். அண்ணன் முகப்பிலிருந்து தடவத் தொடங்கினார். விளக்குகள், பானட், ஸ்டியரிங். கதவுகளுக்கு வந்தார். முதல் மூன்றைத் தொட்டுக் கடந்தவர், நான்காவதில் நின்றார்.

“இது மட்டும் ஜில்லுன்னு இருக்குதே?”

மற்ற மூன்றும் முலாம் பூசிய பிளாஸ்டிக். சொன்னேன்.

“அப்ப இது ஒண்ணுதான்டா காரு. மத்ததெல்லாம் பொம்மை.”

அந்தக் கதவை நகத்தால் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். பிறகு, நான் ஒருபோதும் கேட்டிராத ஒன்றைச் சொன்னார். வேலைக்குச் சேரும் முன்னால், ஒரு மில் முதலாளி வீட்டுக் கல்யாணத்தில் சீரியல் விளக்குக் கட்டப் போயிருந்தாராம். “இதே காருடா. பொண்ணு எறங்கறக்குக் கதவத் தொறந்துவுட்டவனே நானுதான். மார்கழிக் குளுரு. புடியத் தொட்டா இப்படித்தான் இருந்துச்சு.”

மார்கழியில் கல்யாணமா என்று நான் கேட்கவில்லை. அவர் விரல் இன்னும் பிடியின்மேல் இருந்தது.

பிறகு விசாரித்தேன். அந்த வீட்டில் பெரிய கார் ஒன்று இருந்ததை இருவர் உறுதியாகச் சொல்கிறார்கள். அது இந்த வகைதானா என்பதில் ஒருவர் ஆம் என்கிறார், மற்றவர் இல்லை என்கிறார். புகைப்படம் கிடைக்கவில்லை. அண்ணன் சொன்னது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.