குரல் இறங்கிய இடங்கள்

இரண்டு வாரமாக எனக்குக் கால் தரையில் பாவவில்லை! காரணம், என் செல்போன் திரையில் ஓடிய ஒரு கோடு. சொன்னால் சிரிப்பீர்கள்.

நாகப்பட்டினத்தில் நஸ்ரீன் என்று என் எழுத்துக்கு ஒரு வாசகி. பார்வை இல்லாதவர். அரசு வேலைக்கான தேர்வு எழுதுகிறார். வயது வரம்பு முடிவதால் இதுதான் அவருக்குக் கடைசி வாய்ப்பு. அவரிடம் இருந்த சுகாதாரப் புத்தகத்தின் மங்கலான அச்சைக் கம்ப்யூட்டரால் வாசிக்க முடியவில்லை. படித்து ரெக்கார்ட் செய்து அனுப்ப முடியுமா என்று கேட்டார். மேடை மேடையாக மைக்கில் பேசிய வாய்... விடுமா? தஞ்சாவூரில் என் அறையில் ஃபேனை அணைத்துவிட்டு, வேர்க்க விறுவிறுக்க மூன்றே நாளில் முடித்து அனுப்பினேன். பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

போன் வந்தது.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. தடுப்பூசி, சத்துணவுன்னு வர்றப்ப குரல் கணீர்னு இருக்கு. நோய் பேரு வந்தா காணாமப் போயிடுது. சவுண்டைக் கூட்டி வெச்சா அடுத்த வரியில காது கிழியுது.”

பழியை மைக்கின் மேல் போட்டேன். ஒரு சாண் தள்ளி வைத்தேன். அரைச் சாண் கிட்டே வைத்தேன். ம்ஹூம்! பிறகுதான் ரெக்கார்டிங் ஆப்பில் குரலுக்கேற்ப ஏறி இறங்கி ஓடும் அந்தக் கோட்டைக் கவனித்தேன். ‘தாய்ப்பால்’ வந்தால் கோடு எகிறுகிறது. ‘காசநோய்’ வந்தால் எறும்பு வரிசை. ‘மரணம்’ என்ற இடத்தில் எறும்பும் இல்லை.

என் மனைவி கலா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். எங்கள் பக்கத்தில் கெட்டதை யார் சத்தமாகச் சொல்கிறோம்? இரண்டு பக்கமும் பார்த்து, கிசுகிசுத்துத்தானே சொல்கிறோம்? ஐம்பது வருஷப் பழக்கம் – மைக்கைக் கண்டதும் ஓடிவிடுமா?

தேர்வுக்கு இன்னும் ஒன்பது நாள். முழுப் புத்தகத்தையும் மறுபடி படிக்க உட்கார்ந்தேன். கலா எதிரே அமர்ந்து, கோடு இறங்கினால் கையைத் தூக்குவாள். ஒருநாள் விளக்கு வைக்கும் நேரத்தில் “புற்றுநோய்... மரணம்...” என்று நான் கணீரென்று படிக்க, பக்கத்து வீட்டுக்காரர் யாருக்கு என்னவோ என்று பதறிக்கொண்டு வந்துவிட்டார். காபி கொடுத்து அனுப்பினோம்.

ஐந்தாம் நாள் ஓடியது பாருங்கள் ஒரு கோடு – பரம்படித்த வயல் மாதிரி, மேடும் இல்லை, பள்ளமும் இல்லை! வீடு முழுக்க அதைக் காட்டித் திரிந்தேன்.

ஒரே ஒரு பாடம் மட்டும் வசப்படவில்லை. கண் பற்றிய பாடம். ‘பார்வையிழப்பு’ என்ற சொல் வந்ததும் கலாவின் கை மேலே போய்விடும். மூன்று தடவை முயன்றுவிட்டு, நஸ்ரீனிடமே ஒப்புக்கொண்டேன்.

“சின்ன வயசுலேருந்து என் பக்கத்துல நின்னுக்கிட்டே அந்த வார்த்தையைக் குசுகுசுன்னுதான் சொல்றாங்க சார். எனக்குக் கண்ணுதான் தெரியாது, காது நல்லாக் கேக்கும். நீங்களாவது சத்தமாச் சொல்லுங்க.”

வெட்கமாக இருந்தது. போனை வைத்த கையோடு படித்தேன். கலாவின் கை எழவில்லை. அன்றே எல்லாவற்றையும் அனுப்பிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தேர்வு முடிந்து வெளியே வந்ததும் கூப்பிட்டார். தனக்காகத் தேர்வு எழுத வந்த உதவியாளரிடம் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லி எழுத வைத்துவிட்டாராம். ரிசல்ட் வர நாளாகும். ஆனால் அந்தக் குரலில் இருந்த உற்சாகத்தை எந்த ஆப்பின் கோடும் தாங்காது!

அவர் மனம் நோகக்கூடாதே என்றுதான் அந்தச் சொல்லை மெல்லச் சொன்னதாக நினைத்திருந்தேன்... கூச்சம் அவருக்கு இல்லை, எனக்குத்தான்.