குடும்பப் பெயர் கேட்கும் கட்டம்

கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். சர்க்கிட் போர்டில் ஈயம் வைத்து ஒட்டிய இடங்கள் சூட்டில் ஏன் விரிசல் விடுகின்றன என்பதுதான் விஷயம். மதிப்பீட்டாளர்கள் இருவருமே பெரிய குறை எதுவும் சொல்லவில்லை. சஞ்சிகை அலுவலகத்துக்குத்தான் குறை தெரிந்தது. மேற்கோள் பட்டியல் அவர்களுடைய முறைப்படி இல்லையாம். திங்கட்கிழமைக்குள் திருத்தி அனுப்பாவிட்டால் கட்டுரையை நானே திரும்பப் பெற்றுக்கொண்டதாகக் கருதுவார்களாம். மிக மரியாதையாக எழுதியிருந்தார்கள். மரியாதைக்கு ஒன்றும் குறைச்சலில்லை.

பகலில் எனக்குப் பிறை தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர் வேலை. மிச்ச நேரத்தில் முனைவர் பட்டப் படிப்பு. சஞ்சிகையில் ஒரு கட்டுரையாவது ஏற்கப்பட்டால்தான் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். எனக்குத் தந்திருந்த கடைசித் தவணை அந்த மாதத்தோடு முடிகிறது. அதற்கு மேல் கிடையாது என்று பல்கலைக்கழகம் ஏற்கெனவே சொல்லிவிட்டது. ஆக, இத்தனை வருட உழைப்பும் கடைசியில் காற்புள்ளியிலும் முற்றுப்புள்ளியிலும் வந்து நின்றது.

அது ஞாயிற்றுக்கிழமை காலை. ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் ஒரே ஒரு மேசைதான். ஒரு பக்கம் என் மடிக்கணினி. மறுபக்கம் அம்மா, சந்தையில் வாங்கி வந்த காய்ந்த நெத்திலியைக் கொட்டி ஒவ்வொன்றாகத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். எனக்கும் ஏறக்குறைய அதே வேலைதான். சஞ்சிகைப் பெயரைச் சுருக்கி எழுது, ஆனால் அவர்கள் சொல்லும் சுருக்கத்தில். பெயரைச் சாய்வெழுத்தில் போடு, தொகுதி எண்ணை நேராகப் போடு. பக்க எண்களுக்கு நடுவில் நீளக் கோடு, குட்டைக் கோடு கூடாது. மதிப்பீட்டாளர் புதிதாக ஒரு கட்டுரையைச் சேர்க்கச் சொன்னதால் அதற்குப் பின்னால் வரும் மேற்கோள் எண்கள் எல்லாம் ஒன்று தள்ளிப் போயின. மென்பொருள் தானாக மாற்றிவிட வேண்டும். ஆனால் என் ஆய்வு மேற்பார்வையாளர் வேறு கணினியில் திறந்து சேமித்ததில் எண்கள் உயிர்போய் வெறும் எழுத்தாகிவிட்டன. ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்துக் கையால் மாற்றினேன். கண் எரிந்தது. எதற்காக இதையெல்லாம் செய்கிறோம் என்பதுகூட ஒரு கட்டத்தில் மறந்துபோனது.

பதினான்காவது மேற்கோளில் வந்து நின்றேன். அது நான் முன்பு ஒரு மாநாட்டுக்கு எழுதிய கட்டுரை.

நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? அடையாள அட்டையில் என் பெயர், அடுத்து ஏ/பி, அடுத்து அப்பா பெயர். ஏ/பி என்றால் மலாய் மொழியில் இன்னாருடைய மகள் என்பதன் சுருக்கம். இதை வெளிநாட்டு மென்பொருளுக்கு யார் போய்ச் சொல்வது? அது ஏ/பி என்பதையே குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் எனக்கு முன்னால் படித்த இன்னொரு தமிழ்ப்பெண்ணும் பட்டியலில் இருந்தார். நாங்கள் இருவரும் ஒரே வம்சமாகிவிட்டோம். அதைத் திருத்தினால் கடைசியில் நிற்பதைப் பிடித்துக்கொண்டது. அப்பா பெயர் முழுசாக, என் பெயருக்கு ஒரே ஓர் எழுத்து, பக்கத்தில் ஒரு புள்ளி. மாநாட்டுப் புத்தகத்திலும் அப்படித்தான் அச்சாகியிருந்தது.

புதுக் கட்டுரையில் வேண்டுமென்றே என் பெயரை மட்டும் போட்டிருந்தேன். சஞ்சிகை அலுவலகம் அதையும் கேட்டிருந்தது. பதினான்காவது மேற்கோளை எழுதியவரும் நீங்களும் ஒருவர்தானா? ஒருவரென்றால் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும். மேற்பார்வையாளரிடம் சொன்னேன். அவர் சீனப் பெண்மணி, குடும்பப் பெயர் முன்னாலேயே நிற்கும், அவருக்கு இந்தத் தொல்லை இல்லை. அப்பா பெயரையே போட்டுவிடு, இல்லாவிட்டால் பழைய ஆய்வு உன் கணக்கில் சேராது என்றார். அச்சானதை மாற்றவும் முடியாது.

அந்தப் பெயர்க்காரர் நான் ஆரம்பப் பள்ளியில் படிக்கும்போதே ஜொகூருக்கு லாரி ஓட்டப் போனார். அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டார். அம்மா பிறையில் ஷிப்ட் வேலை பார்த்து என்னைப் படிக்க வைத்தார். இந்தப் பட்டப் படிப்புக்கான கட்டணமும் அம்மாவின் ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து போனதுதான். பட்டம் மட்டும் அப்பா பெயரில் வர வேண்டுமா?

புதிதாகச் சேர்க்கச் சொன்ன கட்டுரையைத் திறந்தேன். யாரோ வெளிநாட்டுக்காரர்கள், என் மாநாட்டுக் கட்டுரையை மேற்கோள் காட்டியிருந்தார்கள். அம்மா எட்டிப் பார்த்தார்.

"என்னா, அவரு பேரு அங்க இருக்கு?"

"அது நான்தாம்மா. இவங்க அப்படித்தான் போடுவாங்க."

"என்னா எழுதியிருக்காங்க, சொல்லு."

"இவரு கண்டுபிடிச்ச முறை ரொம்ப நம்பகமானதாம். இவரோட ஆராய்ச்சிய வெச்சுத்தான் மேல போனாங்களாம். ஆம்பளன்னு நெனச்சிட்டாங்க."

அம்மா திரையில் விரலை வைத்து அந்தப் பெயரை எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படித்தார். சேர்ந்து வாழ்ந்த காலத்தில்கூட அம்மா புருஷன் பெயரைச் சொன்னதில்லை, அந்தக் காலத்து வழக்கம். அவர் வாயிலிருந்து அந்தப் பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். படித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

"வூட்டுல பல்பு போனாகூட இந்த மனுசனுக்கு மாத்தத் தெரியாது. பக்கத்து வூட்டு அண்ணனத்தான் கூப்பிடணும்."

"சிரிக்கிற விஷயமாம்மா இது? நாளைக்கு டாக்டர்னு போட்டாலும் அவரு பேருதான்லா வரும்."

அம்மா சிரிப்பை நிறுத்தினார். நெத்திலித் தலைகளை ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

"போட்டு அனுப்பு. அந்தப் பேருல ஒரு நல்ல காரியமாச்சும் நடக்கட்டும்." மிச்ச நெத்திலியை அள்ளிக்கொண்டே பேச்சோடு பேச்சாகக் கேட்டார். "அதுல என் பேரு எங்கயும் வராதா?"

"வராதும்மா. அதுக்கு இடம் இல்ல."

"சரி விடு. முடிச்சிட்டு வா, இந்த நெத்திலியில சம்பால் செய்யிறேன்."

அடுப்படியில் வெங்காயம் நறுக்கும் சத்தம் கேட்டது. குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா பெயரை அடித்தேன். மற்ற கட்டங்களையும் நிரப்பிக்கொண்டே போனேன். நிதியுதவி அளித்தவர் யார் என்று ஒரு கட்டம் இருந்தது. முதல் தடவை அனுப்பியபோது அதில் யாருமில்லை என்று போட்டிருந்தேன். அதை அழித்துவிட்டு அம்மா பெயரை முழுசாக எழுதினேன். அம்மாவிடம் சொல்லவில்லை. சஞ்சிகைக்காரர்கள் அதை எடுத்துவிட்டால் என்ன செய்வது?

கட்டுரையை ஏற்றுக்கொண்டதாக அதே வாரத்தில் மின்னஞ்சல் வந்தது. கூடவே ஒரு கேள்வி. நிதியளித்தவர் எங்கள் பட்டியலில் இல்லை, இது எந்த வகையான அமைப்பு, மானிய எண் என்ன?

மானிய எண் இல்லை, அவர் என் அம்மா என்று பதில் எழுதினேன். அதற்குப் பிறகு அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை; பெயரை எடுக்கவும் இல்லை.