ஜெபமாலையும் பெல்ட்டும்

எழுதப் பல வருடம் தயங்கினேன். சூளகிரியில் எங்கள் வீட்டில் தினமும் மாலையில் முழங்காலிட்டு ஜெபமாலை சொல்வோம். அப்போது பதின்மூன்று வயதான மகள் ஸ்டெல்லா பாதியிலேயே தூங்கிவிடுவாள். வகுப்பிலேயே குள்ளம், உடம்பு மட்டும் ஊதிக்கொண்டே போனது. சோம்பல் என்றே நினைத்தேன்.

ஒருநாள், "மாதா முன்னாடியே தூக்கமாடி?" என்று பெல்ட்டைக் கழற்றி விளாசினேன். தடுத்த மனைவியைத் தள்ளினேன். பக்கிள் பட்டு மகளின் புருவம் கிழிந்தது.

"கண்ணு தானா சொருகுதுப்பா," என்று ரத்தத்தோடு கெஞ்சினாள்.

நடந்ததை மனைவியிடம் கேட்டுத் தையல் போட்ட டாக்டரம்மா அவள் கழுத்து வீக்கத்தைக் கவனித்து, ரத்தம் சோதித்தார்.

"தைராய்டு சரியா சுரக்கலங்க. அதான் வளர்த்தியில்ல, ஓயாத தூக்கம். இதுக்கு மாத்திரைதான் மருந்து, பெல்ட் இல்ல."

இப்போது என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். காலையில் மாத்திரையை நான்தான் கொடுக்கிறேன். என் கை நீண்டதும் இன்றும் அவள் முகம் ஒருகணம் பின்வாங்குகிறது.

இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். பெல்ட்டை மறைக்காமல் சொல்லுங்கள்.