சீலை உடுத்திய சுவர்

அம்மாவின் பொறுமையைப் பற்றி நினைவு மலருக்கு எழுதித் தரும்படி உறவுகள் கேட்டார்கள். எழுதுகிறேன். ஆனால் அந்தப் பொறுமை என்னை என்ன செய்தது என்பதை எழுதாமல் விட்டால் நான் அவரது மகள் இல்லை.

அம்மா வடமராட்சியில் பிறந்தவர். கலியாணமாகி ஸ்கந்தபுரத்துக்கு வந்து, ஐயாவோடு காடு வெட்டி வயலாக்கினார். இடப்பெயர்வில் ஐயாவைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். தறப்பாளின் கீழே கிடந்த நாட்களிலும் அண்ணாவையும் என்னையும் பசியோடு படுக்க விடாதவர்.

மீளக் குடியேறி வீடு எழும்பியபோது, கனடாவுக்குப் போயிருந்த அண்ணா உள்சுவர்களுக்கு ஒரு புதுப் பூச்சைக் கேட்டார். சீமெந்தை விசிறியடித்து, முள்முள்ளாய் நிற்க விடும் பூச்சு. எங்கோ ஒரு படத்தில் கண்டாராம். மேசனும் விசிறினார். வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் சுவரெல்லாம் சின்னச் சின்ன நிழல்கள், அழகுதான். மற்ற நேரங்களில், தோலை உட்புறம் திருப்பிய பலாப்பழத்துக்குள் குடியிருந்தோம்.

பிறகு அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்தது. ஆனாலும் எழும்பி நடந்தார். ஊன்ற ஒரு பொல்லு வாங்கிக் கொடுத்தேன். அது கிழவிகள் பிடிப்பது என்று மூலையில் சாத்திவிட்டார். தேத்தண்ணி வைக்க அறையிலிருந்து குசினி வரைக்கும் சுவரைத்தான் பிடித்து நடந்தார். நீரிழிவு தின்ற தோல், கடதாசி மாதிரி. உள்ளங்கையும் முழங்கையும் உரஞ்சி, ஒரு புண் ஆற முன்னமே இன்னொன்று.

மேசனைக் கூட்டிவந்தேன். முள்ளைத் தட்டிச் சீவி மெல்லிய பூச்சு இழுத்தால் மட்டமாகிவிடும் என்றார். அம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார்.

“தம்பி ஆசைப்பட்டுச் செய்தது. அவன் சொல்லட்டும்.” அண்ணாவை அம்மா தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

வேறு வழியில்லாமல் பழைய சீலைகளை மடித்து, கை படும் உயரத்தில் ஆணியடித்துக் கட்டினேன். பக்கத்து வளவு மாமி வாசலிலேயே நின்று சிரித்தார்.

“என்னக்கா, சுவருக்குச் சாமத்தியச் சடங்கோ? சீலை உடுத்தி விட்டிருக்கிறியள்!”

“ஓம், உன்ர பெடியனுக்குக் கேட்டுப் பாரன். சீதனம் மட்டும் கிடையாது,” என்றார் அம்மா.

ஆனால் அண்ணா வீடியோவில் கதைக்கும்போது அந்தச் சீலைகள் தெரியக்கூடாது. “கழட்டு பிள்ளை, தம்பி பாக்கப்போறான்.” கட்டியதும் நான், ஒவ்வொருமுறையும் அவிழ்த்ததும் நான்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் போனைப் பறித்தேன்.

“அண்ணா, இந்தச் சுவரை மட்டமாக்க வேணும். அம்மாவின்ர கையைப் பாருங்கோ.”

அதற்குள் அம்மாவின் கை சீலைத் தலைப்புக்குள் போய்விட்டது.

“அம்மா, சுவர் உரஞ்சுதோ?”

“ஆர் சொன்னது? வாற சனமெல்லாம் வடிவெண்டு பாத்திட்டுப் போகுது. இவளுக்கு எதிலையும் ஒரு குறை.”

“இவள் சின்னனிலையிருந்தே இப்பிடித்தானே,” என்று அண்ணா சிரித்தார். அம்மாவும் சிரித்தார். இரண்டு சிரிப்புக்கும் நடுவில் நான் பொய்க்காரியாய் நின்றேன்.

கதைத்து முடிந்ததும் புண்பட்ட கையை என்னிடம்தான் நீட்டினார்.

“கோவியாதை மோளை. அவன் தூரத்திலை இருக்கிறவன்.”

“நான் கிட்ட இருக்கிறது பிழையோ?”

“மருந்தைப் போடு.”

போட்டேன். அம்மா, அண்ணாவுக்குச் சுவரின் அழகைக் காட்டினீர்கள், எனக்குப் புண்ணைக் காட்டினீர்கள். என் சொல்லை மட்டும் நடுவில் போட்டு மிதித்தீர்கள்.

அம்மாவைக் கொண்டுபோனது அந்தப் புண்ணல்ல, நெஞ்சு வருத்தம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்தபடி, “தம்பி வெளிக்கிட்டானோ?” என்று கேட்டார். அதுவே கடைசிக் கதை.

அண்ணா வந்து கொள்ளி வைத்தார். காடாத்திச் சாம்பல் அள்ளி வந்த மத்தியானம், வெறும் மேலோடு சுவரில் சாய்ந்தவர் துடித்து நிமிர்ந்தார். தோளில் இரத்தக் கீறல்.

“கொம்மா இதைப் பிடிச்சுக்கொண்டுதானே தம்பி குசினிக்கு வாறவா,” என்றார் மாமி.

“வடிவெண்டெல்லோ அம்மா சொன்னவா?”

நான் எத்தனையோ நாள் காத்திருந்த நேரம் அது. வந்தபோது ருசிக்கவில்லை. எனக்காகச் சாட்சி சொல்ல வேண்டியவர் சாம்பலாகியிருந்தார்.

மறுநாளே அண்ணா சொல்லி மேசன் வந்தார். அம்மாவின் கைக்குக் கிடைக்காதது வந்துபோகும் சனத்தின் கண்ணுக்குக் கிடைத்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இம்மலரைப் பெறும் நீங்கள் தொட்டுப் பாருங்கள், சுவர் மழமழவென்று இருக்கும்.

அம்மாவின் தனிமையைச் சிரிப்பால் நிரப்பிய மாமிக்கும், பந்தல் போட்டுச் சமைத்த அயலவருக்கும், பாடை சுமந்த தோள்களுக்கும், பஸ் மாறி மாறி வந்து எங்களோடு அழுதவர்களுக்கும் எங்கள் நன்றி.

அச்சுக்குக் கொடுக்க முன் இதை அண்ணாவிடம் நீட்டினேன். வெட்டச் சொல்வார், சண்டை பிடிக்கலாம் என்று நின்றேன். வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார்.

“அம்மா கையை ஒளிச்சதை நான் கண்டனான், தங்கச்சி. கண்டிட்டுத்தான் சிரிச்சனான். அதையும் எழுது.”

எழுதியிருக்கிறேன்.

— மகள்